கரையில் உட்காராதவன்

அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவன் பெண்டாட்டி இன்னும் புதுவயலில்தான் இருக்கிறாள். ரைஸ் மில்லில் களத்து வேலை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் வந்து போகிற வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன்.

பெயரை விடுங்கள், தண்ணீரில் விழுந்ததை எடுக்க அவன் முங்குகிற விதத்தைச் சொல்கிறேன். இருபது கிலோவுக்குக் குறையாத ஒரு கல். அதற்கு ஒரு கயிறு, அவன் இடுப்புக்கு இன்னொரு கயிறு. முகத்தில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், அந்தப் பேச்சே கிடையாது. தண்ணீரில் மிதக்கிற லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை மூச்சை இழுத்து விடுவான். ஐந்தாவது மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கல்லைக் கட்டிப் பிடித்தால் கல் அவனைக் கொண்டு போய்விடும். எண்பதடி, நூறடி. எங்கள் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளங்களில் அதற்கு மேலும் ஆழம் உண்டு. கல்லை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பள்ளத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், மழை அதை நிரப்பி வைத்திருக்கிறது. இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். ஒரு சுண்டு சுண்டினால் இன்னும் விடு என்று அர்த்தம். இரண்டு சுண்டு என்றால் இழு.

ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். மேலே வந்து டியூபைப் பிடிப்பான், மூக்கைச் சிந்துவான். "கல்லு மேல வந்துருச்சாக்கா?" என்பான். வந்திருந்தால் மறுபடி நாலு மூச்சு, மறுபடி கீழே. தண்ணீருக்குள் ஒரு ஆள் கிடக்கும்போது அவன் கரையேறி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை நானே பிடித்து உட்கார வைத்தேன். அந்தக் கூத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் பம்புசெட் வாடகைக்கு விடுகிறவள். டீசல் எஞ்சின், மோட்டார், குழாய், கயிறு, சங்கிலி எல்லாம் என்னிடம் உண்டு. என் வீட்டுக்காரர் போன பிறகு, "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸ் வேலை" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "உங்க கையில கிரீஸ் படலல்ல, போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு நானே நடத்துகிறேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும். வாய் இல்லாமல் டீசல் எஞ்சினை வாடகைக்கு விட்டுத் திரும்ப வாங்க முடியாது.

சிங்கம்புணரி ரோட்டில் ஒரு தோட்டத்துக் கிணறு. என் குழாயின் அடி நுனியில் மாட்டுகிற புட்வால்வு கழன்று கிணற்றுக்கு அடியில் போய்விட்டது. பாதாளக் கரண்டியைப் போட்டு அரை நாள் துழாவினோம், கிடைக்கவில்லை. அந்த வழியாக மில் லாரியில் மூட்டையோடு வந்தவன் இறங்கி எட்டிப் பார்த்தான்.

"நான் எடுத்துத் தரவாக்கா?"

"யாருப்பா நீ? எம்புட்டு ஆழம்னு தெரியுமா?"

"தொண்டிக்கு அங்குட்டு நம்ம ஊரு. கடல்ல சங்கு குளிச்சவன்க்கா. கெணத்துல என்ன, மீனு கடிக்கப் போகுதா?"

சட்டையைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டுக் குதித்தான். ஒரு தடவை முங்கி எழுவதை முக்கு என்பான்; இரண்டாவது முக்கில் புட்வால்வோடு வந்தான். வந்தவன் படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் குடித்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க முங்குறதா இருந்தாக் கல்லே வேணாம்க்கா" என்றான். முன்பின் தெரியாத பயல்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புட்வால்வாலேயே ஒன்று போட்டிருப்பேன். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா, அவன் பெண்டாட்டிக்கு மதினி.

பொருள் எடுக்கும்போது அவன் அப்படித்தான் இருப்பான். மோட்டாரோ, குடமோ, ஒரு தடவை ஊருணியில் விழுந்த தாலிச் சங்கிலியோ, எதுவானாலும் நடுநடுவே கரையேறி உட்காருவான், சோறு தின்பான், வம்பு பேசுவான். "இது எங்க போயிரப் போகுது, கெடக்கட்டும்க்கா" என்பான். ஆள் விழுந்துவிட்டது என்று கூப்பிட்டால்தான் வேறு ஆளாகிவிடுவான். வண்டியில் வரும்போதே பேச்சு நின்றுவிடும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். தண்ணீரில் இறங்கினால் அந்த உடலோடுதான் ஏறுவான்.

ஏன் இப்படி என்று கேட்டேன். "உள்ள அவக தனியாக் கெடக்காக. நான் மேல உக்காந்து காத்து வாங்குறதாக்கா?" என்றான். அவன் பெண்டாட்டியிடம் வேறு சொல்லியிருக்கிறான். கடலில் ஒரு நாள் இவன் வள்ளத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தானாம். கீழே போன கூட்டாளி நேரமாகியும் வரவில்லை. நிறையச் சங்கு பொறுக்குகிறான் போல என்று நினைத்துக்கொண்டே மென்றானாம். கூட்டாளி வரவே இல்லை. டீக்கடைக்காரர் கேட்டதற்கோ, "உக்காந்துட்டா எந்திரிக்கச் சோம்பலா இருக்கும்ணே" என்று சொல்லியிருக்கிறான். மூன்றில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. மூன்றும் நிஜமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம், தண்ணீரில் போன உடல் கரைக்கு வரும் வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பள்ளத்து விளிம்பில் நிற்கிற பங்காளிகளும் உட்கார மாட்டார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனாலும் உச்சி வெயிலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார்கள். அத்தனை பேர் நிற்கும்போது முங்குகிறவன் மட்டும் எப்படி உட்காருவான்?

நான் முதலில் கவனித்தது டீ கிளாஸைத்தான். ஒரு பள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை முங்கி ஒரு பெரியவரை எடுத்துவிட்டு வந்த நாள். வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். அவன் இடது கையில் கிளாஸை வாங்கினான், கிளாஸ் கீழே விழுந்தது. அவன் குனிந்து உடைந்த கிளாஸைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தான்.

"என்னப்பா?"

"கை மரத்துப் போச்சுக்கா. குளிரு."

வெயில் கொளுத்துகிறது, குளிராம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. ஒரு நாள் தோள்மூட்டில் வலி, ஒரு நாள் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி அரிப்பு. ஒரு நாள் கண் மங்கி, நாக்குக் குழறி, குடித்தவன் பேசுகிற மாதிரி பேசினான். அவன் குடிக்கவே மாட்டான். பாசி அரிப்பு என்பான், வாயு என்பான், பெண்டாட்டி தைலம் போட்டுத் தேய்ப்பாள். காலையில் எழுந்து மூட்டை தூக்கப் போய்விடுவான்.

அதோடு, அவனே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தான். ஒரு நாள் முங்கிக்கொண்டிருக்கும்போதே தோள் வலிக்கிறது என்று டியூபில் தொங்கிக்கொண்டு முனகினான். ஏறிவிடு என்றேன். ஏறாமல் மறுபடி போனான். மேலே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள போனவொடனே வலி போயிருச்சுக்கா! சத்தியமா! தண்ணியே எடுத்துருது."

நானும் நம்பினேன். அவன் தோளைச் சுற்றிக் காட்டினானே, நம்பாமல் என்ன செய்வது?

புதுவயலில் ஒரு பாய் வீட்டுப் பையன் வளைகுடா நாட்டில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். கடலுக்கு அடியில் போய்க் குழாய்க்கு வெல்டு வைக்கிற வேலை. லீவில் வந்திருந்தவன், வேடிக்கை பார்க்க எங்களோடு ஒரு பள்ளத்துக்கு வந்தான். நாலைந்து முக்கு வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அப்புறம் முகம் மாறி என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அண்ணன் மேல வந்து ஒரு நிமிசம்கூட நிக்க மாட்டேங்கிறாரே. எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

வேலை முடிந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் உட்கார வைத்து அவன் சொன்னான். ஆழத்தில் தண்ணீர் அமுக்கும்போது நெஞ்சுக்குள் இருக்கிற காற்று ரத்தத்தில் கரையும். மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியே போக வேண்டும். "சோடாவப் படக்குனு தொறந்தா எப்படிப் பொங்குது? அது மாதிரி உடம்புக்குள்ள குமிழு வரும்க்கா. ஒரு தடவை முங்குனா ஒண்ணும் ஆகாது. பழசு வெளிய போறதுக்குள்ள திரும்பத் திரும்பப் போனா சேந்துக்கிட்டே இருக்கும். அந்தக் குமிழு மூளைக்குப் போச்சுன்னா கை காலு விழுந்துரும்."

"அதுக்கு என்னப்பா செய்யணும்?"

"உள்ள இருந்த நேரத்துக்கு ரெண்டு மடங்காச்சும் மேல இருக்கணும். இந்த ஆழத்துக்கு அதுவும் காணாது. கை மரத்துச்சுன்னா அன்னைக்குத் தண்ணிப் பக்கமே போகக் கூடாது. படுக்க வச்சு, ஆக்சிசன் குடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

இவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "தம்பி, நீங்க சொல்றது சிலிண்டர் கட்டுறவகளுக்கு. அவக உள்ள போயி காத்தா இழுத்துக்கிட்டு இருக்காக, சேரும். நான் ஒரே ஒரு மூச்சுத்தான் கொண்டு போறேன். அதையும் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துர்றேன்."

"ஒரு மூச்சே போதும்ணே. எத்தனை தடவை போறீக?"

"அப்ப உள்ள போனா வலி போயிருதே, அது எப்படி?"

"குமிழு அமுங்குது, அதனால. மேல வந்தா மறுபடி விரியும். கூடப் புதுசும் சேரும். அது கொணமாகுறது இல்லண்ணே, ஏமாத்து."

இவன் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இவன் பேச்சுத்தான் நியாயமாகப் பட்டது. ஒரு மூச்சில் அப்படி என்ன காற்று இருந்துவிடப் போகிறது? ஆனாலும் அந்தப் பையன் சும்மா சொல்கிறவன் இல்லை. அவன் வளைகுடாவுக்குத் திரும்பும்போது தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்து, "அவரு கேக்க மாட்டாரு, நீங்களாச்சும் கேளுங்கக்கா" என்றான். கயிறு பிடிக்கிறவள் நான்தான். இவனை மேலே நிறுத்த வேண்டியவளும் நான்தான்.

அடுத்த தடவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், பள்ளத்து விளிம்பில் மாமனார் பக்கத்தில் நின்றிருந்தாள். ஐந்தாவது முக்கு முடிந்து இவன் டியூபைப் பிடித்ததும் நான் கயிற்றை விடாமல் கரைப் பக்கம் இழுத்தேன். "ஏறுடா. ஏறாட்டி நான் கயித்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன்" என்று கத்தினேன். முனகிக்கொண்டே ஏறினான். நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அந்தப் பெண் மேலேயிருந்து கல்லிலும் முள்ளிலும் இறங்கி ஓடிவந்து அவன் ஈரக்காலைக் கட்டிக்கொண்டாள். "உக்காந்துட்டீகளே, அவுக உள்ள கெடக்காகளே, எந்திரிங்கய்யா" என்று அழுதாள். நான் அவளை விலக்கப் போனேன். அதற்குள் அவன் தண்ணீரில் இருந்தான்.

வீடு திரும்பும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "இனிமே நாற்காலியக் கொண்டு வராதீகக்கா." நானும் கொண்டுபோகவில்லை. என்னைத் திட்ட வேண்டுமென்றால் இந்த இடத்தில் திட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசிப் பள்ளம் சிங்கம்புணரிக்கு அங்குட்டு. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஜோடி, முந்தின நாள் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கிறது என்று இறங்கி போட்டோ எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்திருக்கிறாள், மாப்பிள்ளை பின்னாலேயே குதித்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. தீயணைப்புக்காரர்கள் தங்களால் முடிந்த வரைக்கும் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியிருந்தார்கள். அந்த ஆழத்துக்கு முங்குகிற ஆட்கள் வெளியூரிலிருந்து மறுநாள் வருவார்கள் என்றார்கள். மறுநாள் வரைக்கும் பொறுக்க விளிம்பில் நின்ற யாருக்கும் மனசில்லை.

அந்தப் பிள்ளையை ஆறாவது முக்கில் எடுத்துவிட்டான். கையில் மருதாணி அப்படியே இருந்தது. மாப்பிள்ளையைத்தான் காணவில்லை. அடியில் வெட்டிப்போட்ட கல் இடுக்குகள், சேறு, கும்மிருட்டு. இவன் தடவித் தடவித் தேடினான். பத்து, பதினைந்து. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டாவது தடவை மேலே வந்தவன் டியூபை ஒரு கையால்தான் பிடித்தான். இடது கை தண்ணீரில் சும்மா கிடந்தது.

"ஏறிரு."

"கையி மரத்திருக்கு. அம்புட்டுத்தேன்."

"தம்பி, அந்தப் பாய் வீட்டுப் பையன் சொன்னத நெனச்சுப் பாரு. ஏறிருப்பா, நல்லா இருப்ப."

"அவன் எங்க கெடக்கான்னு பாத்துட்டேன்க்கா. பாறைக்கு அடியில. சட்டை கையில பட்டுச்சு. இன்னும் ஒரே ஒரு முக்கு. உள்ள போனாக் கையும் சரியாயிரும்." அவன் பேச்சு ஏற்கனவே குழற ஆரம்பித்திருந்தது.

கயிறு என் கையில் இருந்தது. இழுத்திருந்தால் வந்திருப்பான், ஒரு கையால் என்னோடு மல்லுக்கட்ட முடியாது. அப்போது என் முழங்கையை யாரோ தொட்டார்கள். உள்ளே கிடந்த மாப்பிள்ளையின் அம்மா. அவள் என் முழங்கையில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். நான் கயிற்றை விட்டேன்.

அவன் சொன்னதைச் செய்தான். இரண்டு சுண்டு வந்தது, இழுத்தோம், மாப்பிள்ளையைச் சட்டைக் காலரில் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். விளிம்பெல்லாம் ஒரே ஓலம். எல்லாரும் அந்தப் பையனிடம் ஓடினார்கள். இவன் கரையில் ஏறி இரண்டடி நடந்தான். மூன்றாவது அடிக்கு இடது கால் வரவில்லை. அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"அக்கா... தண்ணிக்குள்ள விடுங்க. என்னய உள்ள விடுங்க. சரியாயிரும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள், தண்ணீரைப் பார்த்து. தண்ணீரில் பழகினவன் சொல்கிறானே, அவனுக்குத் தெரியாததா என்று அவர்களுக்கு நினைப்பு. நான் கெட்ட வார்த்தையில் கத்தினேன். அந்த மாதிரி என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவர்கள் பயந்து கீழே விட்டார்கள். வண்டிக்குத் தூக்கிப் போகிற வரைக்கும் அவன் நல்ல கையால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், தண்ணீருக்குள் விடச் சொல்லி.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். இந்த வயதிலா, சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள். நான் வளைகுடாவுக்குப் போன் போட்டு அந்தப் பையனை டாக்டரோடு பேச வைத்தேன். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், காதுகொடுத்துக் கேட்டார், உடனே ஆக்சிஜன் வைத்தார். இதற்கென்று அழுத்தம் கொடுக்கிற அறை ஒன்று இருக்கிறதாம். அது வெகு தூரத்தில், ஏதோ ஒரு துறைமுக ஊரில். அவரே நாலைந்து இடத்துக்குப் பேசி ஏற்பாடு செய்தார். அதற்குள் கடற்கரையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். "தூக்கிட்டுப் போற வழியில உசிரு போனா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். நான் சண்டை போட்டேன். "நீ யாரு இதைச் சொல்ல?" என்று அவன் சித்தப்பா கேட்டார். கடைசியில் அவனை அந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

கொஞ்சம் தேறினான். கோல் ஊன்றிக் காலை இழுத்து இழுத்து நடந்தான். இடது கை வரவே இல்லை. பேச்சு பாதி வந்தது. வந்த பேச்சையெல்லாம் என்னைத் திட்டுவதற்கே வைத்துக்கொண்டான். நான் வாசலில் நுழைந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். "நீங்கதேன் கெடுத்தீக. அன்னைக்கு உள்ள விட்டிருந்தா நான் நடந்திருப்பேன்." கடைசி முக்குக்கு நான் கயிற்றை விட்டதை அவன் ஒரு நாளும் குற்றமாகச் சொன்னதில்லை. அதற்கு அப்புறம் விடாததைத்தான் சொன்னான். எனக்கு எது வலித்தது என்று அவனுக்குத் தெரியவே இல்லை. வளைகுடாப் பையனிடம் கேட்டேன், விட்டிருக்கலாமோ என்று. "விட்டிருந்தா மேல வந்திருக்கவே மாட்டாருக்கா" என்றான். அதை இவனிடம் சொன்னேன். "அவனுக்கு என்ன தெரியும்" என்றான்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, பெண்டாட்டி மில்லுக்குப் போன பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறான். ஆட்டோக்காரர் சொன்ன பள்ளத்துக்கு நாங்கள் ஓடினோம். கோல் பாறைமேல் இருந்தது. பக்கத்தில் சட்டை மடித்து வைத்திருந்தது, அதன்மேல் போன். வேப்பமரத்தில் ஒரு கயிறு கட்டி, மறுமுனை தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இழுத்தோம், வெறும் கயிறுதான் வந்தது.

ஊரில் தற்கொலை என்றார்கள். போலீசும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாகப் போகிறவன் திரும்பி ஏறி வரக் கயிறு கட்டுவானா? வைத்தியத்துக்குப் போயிருக்கிறான். பிடித்து ஏற ஒரு கைதான் இருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கும்.

அவன் ஊரில் இன்னும் முங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவன் சித்தப்பா மகனே முங்குவான். போனில் நம்பரை எடுத்துவிட்டேன். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி. யாரையும் கூப்புடாதீக."

"உள்ள கெடக்கானேத்தா."

"கெடக்கட்டும். யாரும் முங்க வேணாம்."

சொந்தக்காரர்கள் அவளை என்னென்னவோ சொன்னார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள், புருசனை மீனுக்குப் போடுகிறாள் என்றார்கள். அவள் அசையவில்லை. போலீஸ்காரரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு அதையே சொன்னாள். முதல் நாள் பூராவும் நின்றாள். இரண்டாம் நாள் நான் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பங்காளிகள் விளிம்பில் நின்றபடியே எங்களைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வெயில் ஏறின பிறகு, வேப்பமரத்துக்கு நேரே, அவன் மேலே வந்தான். யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை. முதலில் முதுகு தெரிந்தது. தீயணைப்புக்காரர்கள் டியூபை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"பொறுத்திருந்தாத் தானா வந்துருமா மதினி?"

"வந்துரும்த்தா."

"எல்லாருமா?"

"முக்காவாசிப் பேரு வந்துருவாக."

"அந்தப் புது மாப்பிள்ளை?"

"அவனும் வந்திருப்பான்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "இது அவுகளுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். கடல் ஓரத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கும் தெரியும். என் முழங்கையைத் தொட்ட அந்த அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பள்ளத்து விளிம்பில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.